கடை உங்களுடையது, ஓடிபி யாருக்குப் போகிறது?

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் சுமார் 25 கி.மீ. ஓசூரை ஒட்டிய ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். ராகி மாவு, புளி, ரோஜாக் கன்று, டூவீலர் உதிரிப் பாகம் என்று இந்தப் பக்கத்துச் சரக்கும் இப்போது இணையச் சந்தைக்குப் போகிறது. வாங்குபவர் லக்னோவில் இருப்பார். சரக்கு மாலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கும். பணம் வந்து விழும் வங்கிக் கிளை மட்டும் கடைக்காரரின் ஊரில். இத்தனையையும் ஒன்றாகக் கோத்து வைத்திருப்பவை ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கைபேசி எண், ஒரு கடவுச்சொல். விற்பனைக் கணக்கு பறிபோகும் குற்றத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் திருடனைத் தேடிப் போகும் முன் இந்த மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

கணக்குத் தொடங்கும் நாளிலிருந்தே பார்க்கலாம். பான், ஆதார், ஜிஎஸ்டி எண், ரத்து செய்த காசோலை, வெள்ளைப் பின்னணியில் எடுத்த பொருட்படங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் எடை, அளவு, வரி விகிதம் என்று கேட்டுக்கொண்டே போகும் படிவங்கள். பதிவுப் பக்கம் தமிழிலும் வந்துவிட்டது என்றாலும், கடையை விட்டுவிட்டு இரண்டு நாள் கணினி முன் உட்காரச் சிறு வியாபாரிக்கு எங்கே நேரம்? ஆள் வைத்துச் செய்வதே வழக்கம். ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருபவர், கணினி மையம் நடத்துபவர், அல்லது பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மாதச் சம்பளத்துக்கும் கமிஷனுக்கும் பல கடைகளைப் பார்த்துக்கொள்ளும் 'அக்கவுண்ட் மேனேஜர்'. அந்தப் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்:

"அண்ணா, இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

"வந்திருக்கு தம்பி. நாலு, ஏழு, ஒண்ணு..."

"சரிண்ணா, ஆயிடுச்சு. இன்னொண்ணு வரும், அதையும் சொல்லிடுங்க."

முதல் ஓடிபி எதற்கு, இரண்டாவது எதற்கு என்று அண்ணன் கேட்பதில்லை. தம்பியும் சொல்வதில்லை. ஒன்று கணக்கைத் திறப்பதற்காக இருக்கலாம், இன்னொன்று ஆதார் வழிக் கையொப்பத்துக்காக இருக்கலாம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் காரணம் எழுதியிருக்கும், ஆனால் கண் போவது எண்களின் மேல் மட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அந்த மின்னஞ்சல் முகவரி. கடைக்காரரிடம் மின்னஞ்சல் இல்லை, அல்லது இருப்பது மகனுடையது. தம்பியே கடைப் பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கான எண்ணாகத் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே இது நடக்கிறது. அப்போது அதுதான் சுலபம், அவ்வளவே. ஆனால் அன்றைக்கே அந்தக் கடையின் உண்மையான உரிமை கைமாறிவிடுகிறது. பின்னாளில் கடைக்காரர் விற்பனைத் தளத்தின் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும், மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவர் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தி ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்துவிடலாம். ஜிஎஸ்டி பதிவு மனைவி பெயரில், சிம் மகன் பெயரில், மின்னஞ்சல் முகவர் வசம் என்று சிதறிக் கிடக்கும் கணக்கில் ஒரு தகராறு வந்தால், 'நான்தான் உரிமையாளர்' என்று நிரூபிப்பதே ஒரு வழக்காகிவிடும்.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. பெரிய தளங்களில் உதவியாளருக்குத் தனிப் பயனர் உரிமை கொடுக்கலாம்: பட்டியலைத் திருத்தலாம், ஆனால் வங்கி விவரத்தைத் தொட முடியாது என்று வரையறுத்து. விலை மாற்றுவதற்கும் இருப்புக் கணக்குக்கும் பயன்படும் வெளி மென்பொருள்களுக்கும் இப்படி அளந்து அனுமதி தரலாம், வேண்டாதபோது ரத்து செய்யலாம். ஆனால் அந்த அமைப்புகளைத் திருத்த வேண்டியவர் யார்? முதல் நாளே முழு உரிமையோடு உள்ளே உட்கார்ந்துவிட்ட அதே தம்பி. வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

எல்லைப் பகுதி என்பதால் இங்கே இன்னொரு சிக்கல் கூடுதலாகச் சேர்கிறது. வீட்டிலிருந்தே பொதி கட்டி அனுப்புகிறவருக்குத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் போதும். சரக்கைத் தளத்தின் கிடங்கிலேயே வைத்தால் விரைவாகப் போய்ச் சேரும், விற்பனையும் கூடும். ஆனால் கிடங்கு கர்நாடகத்தில் இருந்தால், அங்கே தனியாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அந்தக் கிடங்கைக் 'கூடுதல் வணிக இடம்' என்று காட்ட வேண்டும். பதிவுக்கு அந்த மாநிலத்தில் ஒரு முகவரி தேவை. அதை வாடகைக்குத் தருவதற்கென்றே 'விர்ச்சுவல் ஆபீஸ்' தொழில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், ஆட்சேபமின்மைக் கடிதம், அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் நியமனம் என்று தாள்கள் வாட்ஸப்பில் பறக்கின்றன. கையொப்பதாரராகப் பல நேரம் முகவரோ அவருடைய ஆளோ அமர்கிறார். ஆக, விற்பனைத் தளத்தின் கதவோடு வரித் தளத்தின் கதவையும் அதே ஆளிடம் ஒப்படைத்தாயிற்று. கிடங்கு தொலைவில் இருக்கும் திருநெல்வேலிக்காரருக்கு வராத இந்தக் கர்நாடகக் கிடங்கு ஆசை, ஒரு மணி நேரப் பயணத்தில் கிடங்கு இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரருக்கு வருவது இயல்பு.

இனி, உள்ளே வந்த அந்நியர் என்ன செய்கிறார் என்பது. இதற்கு ஆவணங்களோடு கூடிய உதாரணம் லண்டனில் கிடைக்கிறது. 2018 மே முதல் அக்டோபர் வரை சுமார் 100 அமேசான் விற்பனையாளர்களின் கணக்குகளுக்குள் மோசடிக்காரர்கள் நுழைந்தார்கள். பொருளைத் தொடவில்லை, விலையைத் தொடவில்லை. பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றினார்கள். விற்பனைத் தொகையும், அமேசான் அந்த விற்பனையாளர்களுக்குக் கொடுத்த கடன் தொகையும் மோசடிக்காரர்களின் கணக்குகளுக்குப் போயின. பார்க்ளேஸ் வங்கியிலும் ப்ரீபே டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்திலும் இருந்த அந்தக் கணக்குகளின் விவரங்களைப் பெற அமேசான் லண்டன் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அந்த ஆவணங்களைக் கொண்டு 2019 மே மாதம் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தியால்தான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. பணம் போன தடத்தைப் பார்க்க அமேசானுக்கே நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது என்றால், புளி விற்பவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

அந்த மோசடி தொடங்குவதற்கும் ஓராண்டுக்கு முன், 2017 ஏப்ரலில், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இன்னொரு முறையை விவரித்தது. வேறு தளங்களிலிருந்து எப்போதோ கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் இணைகளை விற்பனைக் கணக்குகளில் போட்டுப் பார்ப்பது. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். குறிப்பாக, விற்பனை நின்றுபோய்த் தூங்கிக் கிடக்கும் கணக்குகள். நல்ல பெயரும் பழைய மதிப்புரைகளும் இருக்கும், கவனிக்க ஆள் இருக்காது. அதில் இல்லாத பொருளைப் பாதி விலைக்குப் போட்டு, பணத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். உரிமையாளருக்குச் செய்தி தெரிவதே, பொருள் வரவில்லை என்று வாங்கியவர்கள் திட்டத் தொடங்கிய பிறகுதான்.

தளங்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கி எண் மாறினால் பட்டுவாடாவைச் சில நாள் நிறுத்தி வைத்து, உரிமையாளருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். அந்த எச்சரிக்கை எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது? தம்பி உருவாக்கிய முகவரிக்கு. தம்பி நல்லவராகவே இருந்தாலும், பத்துக் கடைகளின் அஞ்சல் வந்து குவியும் பெட்டியில் அது படிக்கப்படாமல் கிடக்கும். தீபாவளிக்கு முந்தைய பெரும் தள்ளுபடி விற்பனை முடிந்து, பட்டுவாடாவுக்குப் பணம் சேர்ந்து நிற்கும் அந்த ஒரு வாரம் திருடனுக்கும் பண்டிகைக் காலம்தான்.

கதவு எப்போதும் விற்பனையாளர் பக்கம்தான் திறந்து கிடக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் சியாட்டிலில் கூட்டாட்சிப் பெரு நடுவர் குழு ஆறு பேர் மீது குற்றம் சாட்டியது. அமேசானின் ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் குறைந்தது பத்துப் பேருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கொடுத்து, முடக்கப்பட்ட கணக்குகளை உயிர்ப்பித்தது, உள் ஆவணங்களைத் திருடியது, போட்டியாளர்களின் பட்டியல்களைச் சிதைத்தது என்பவை குற்றச்சாட்டுகள். அந்த ஆறு பேரில் ஹைதராபாத்தில் விற்பனையாளர் உதவிப் பிரிவில் பணியாற்றியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்கு 2022-இல் பத்து மாதச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. எல்லாப் பழியையும் ஓடிபி சொன்ன அண்ணன் தலையில் கட்டுவது அநியாயம் என்பதற்கு இந்த வழக்கு ஒன்று போதும்.

பணம் போவதோடு துன்பம் முடிவதில்லை. இந்தியாவில் விற்பனைத் தளம் ஒவ்வொரு மாதமும் விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண்ணின் கீழ் வரியைப் பிடித்து அறிக்கை தாக்கல் செய்கிறது. 2018 அக்டோபரிலிருந்து ஒரு சதவீதமாக இருந்த இந்தப் பிடித்தம் 2024 ஜூலையில் அரை சதவீதமானது. பிடித்தம் சிறிது, ஆனால் அதனோடு போகும் விற்பனைக் கணக்கு முழுமையானது. திருடர் நடத்திய விற்பனையும் உங்கள் எண்ணில்தான் பதிவாகும். உங்கள் ஏட்டில் இல்லாத விற்பனை அரசின் ஏட்டில் இருக்கும். முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். இன்னொரு பக்கம், ஏமாந்த வாங்குபவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் பாய்ந்த வழியிலுள்ள வங்கிக் கணக்குகள் முடக்கப்படும். அந்த வழியில் உங்கள் நடப்புக் கணக்கும் இருந்தால், வேறு மாநிலக் காவல் நிலையத்தின் கடிதம் வங்கி மேலாளரின் மேசைக்கு வந்துவிடும். தளமோ, 'சந்தேகத்துக்குரிய செயல்பாடு' என்று கணக்கையே நிறுத்திவிடும். நிறுத்தியதற்கான காரணம் இரண்டு வரி ஆங்கிலத்தில், கையெழுத்தில்லாமல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இங்கே ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கணினி யாருடையது? தளத்துடையது. விற்பனையாளர் அதில் ஒரு கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே. அனுமதி தந்தாரா இல்லையா என்று பேசும் உரிமை தனக்கு மட்டுமே என்று தளம் வாதிட்டால், விற்பனையாளர் தன் வழக்கில் தானே மூன்றாம் நபராகிவிடுவார். ஆகவே அவருக்கு அதிகம் உதவுவது 66சி: இன்னொருவரின் கடவுச்சொல்லையோ மின்கையொப்பத்தையோ நேர்மையின்றிப் பயன்படுத்துவதே குற்றம், கணினி யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சம்பளத் தகராறில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் 'பாக்கியைக் கொடுத்தால் தருகிறேன்' என்கிற முகவருக்கு 43-ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு பொருந்தும். உள்ளே நுழைய உரிமையுள்ளவரைத் தடுத்து நிறுத்துவதைப் பற்றியது அது. காவல் நிலையத்தில் பெரும்பாலும் இதைக் 'கொடுக்கல் வாங்கல் தகராறு' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. முகவர் பெங்களூரில் இருக்கிறார் என்பதற்காகப் புகாரை மறுக்கவும் முடியாது. எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்யும் முறையை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சட்டமாகவே ஆக்கியிருக்கிறது.

தண்டனை வேறு, போன பணம் திரும்பி வருவது வேறு. இரண்டாவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி வழக்கு இருக்கிறது. வியாபாரிகளில் அதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. 2007-இல் அபுதாபியில் பணிபுரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து, ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் இருந்த 6.46 லட்சம் ரூபாய் பறிபோனது. வங்கியிடமிருந்து வந்ததுபோல் தோன்றிய மின்னஞ்சலுக்கு அவர் தன் விவரங்களைக் கொடுத்திருந்தார். அவருடைய கவனக்குறைவு என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக விசாரிக்கலாம். அவரிடம் வழக்குப் போனது. 2010 ஏப்ரலில் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். வாடிக்கையாளர் ஏமாந்தது உண்மை, ஆனால் ஏமாற இடம் கொடுத்த ஏற்பாட்டுக்கு வங்கியும் பொறுப்பு என்பதே அதன் சாரம்.

அதற்குப் பிறகு நடந்தது நம் நாட்டுக்கே உரிய கதை. வங்கி மேல்முறையீடு செய்தது. அதைக் கேட்க வேண்டிய சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011-க்குப் பிறகு தலைவரே நியமிக்கப்படவில்லை. ஆறாண்டு காலியாகக் கிடந்த அந்த நாற்காலியைக் கடைசியில் 2017-இல் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். 2019-இல்தான் மேல்முறையீட்டிலும் வாடிக்கையாளருக்கு நீதி கிடைத்தது. பணம் போய்ப் பதினோரு ஆண்டுக்கும் மேல்.

வங்கி வாடிக்கையாளர் இனி அவ்வளவு காலம் அலைய வேண்டியதில்லை. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவிப்பவருக்கு நட்டமே கிடையாது. நான்கு முதல் ஏழு நாளென்றால் வரையறுத்த ஒரு தொகை மட்டும். ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்தவர்கூட, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதை மட்டுமே தாங்க வேண்டும், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நட்டம். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேல்தான். 2019 ஜனவரியில் இதே பாதுகாப்பைக் கைபேசிப் பணப்பைகளுக்கும் ரிசர்வ் வங்கி விரித்தது.

விற்பனைத் தளத்தில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தேங்கி நிற்கும் விற்பனையாளரின் பணத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதே ரூபாய்தான். வாங்குபவரின் வங்கியில் இருந்தவரை அதற்குக் காவல் உண்டு, விற்பவரின் வங்கிக்கு வந்த பிறகும் உண்டு, இடையில் தளத்தின் ஏட்டில் நிற்கும் நாட்களில் மட்டும் அது அநாதை. அந்த நாட்களை ஆள்வது தளத்தின் ஒப்பந்தம். கடவுச்சொல்லைக் காப்பது உங்கள் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கும். வழக்காடும் இடம் டெல்லி என்றோ பெங்களூரு என்றோ இன்னொரு வரி இருக்கும்.

2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வாங்குபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விற்பவருக்கு அவற்றில் கடமைகளே அதிகம். ஐரோப்பாவில் அப்படியில்லை. 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி ஒன்றின்படி, தளம் ஒரு விற்பனையாளரின் கணக்கை அடியோடு மூடுவதானால், பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும். முறையீட்டுக்கென உள் ஏற்பாடும் வேண்டும். நம் நுகர்வோர் சட்டத்திலும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சுயதொழில், சட்டத்தின் பார்வையில் 'வணிக நோக்கம்' ஆகாது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆனால் மனைவியும் கணவருமாக ராகி மாவு அரைத்துப் பொதி கட்டி விற்கும் குடும்பத்துக்குக் கிடைக்க இடமிருக்கிறது. தளத்துக்குக் கமிஷன் கட்டிச் சேவை பெறும் அவர்கள் நுகர்வோர்தான் என்று ஒருவர் துணிந்து வாதாட வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையைப் பணப்பைகளுக்கு விரித்ததுபோல் தளங்களில் நிற்கும் விற்பனைத் தொகைக்கும் விரிக்க வேண்டும். ஓசூரின் சிறுதொழில் சங்கங்கள் ஒன்றிய அரசிடம் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் மின்கட்டணத்துக்கும் சாலைக்கும் அடுத்தாவது இது இடம்பெற வேண்டும். அதுவரை, அடுத்த பண்டிகை விற்பனைக்கு முன்னால் உங்கள் கடைக் கணக்கின் மின்னஞ்சலைத் திறந்து, மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையதாக இல்லையென்றால் இன்றே மாற்றுங்கள். முகவருக்குத் தனிப் பயனர் உரிமை கொடுங்கள். நல்ல முகவர் இதற்குக் கோபிக்க மாட்டார். பணம் போய்விட்டால் முதலில் 1930-ஐ அழையுங்கள், பிறகு கிருஷ்ணகிரி சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் நகலோடு சென்னையிலுள்ள தகவல் தொழில்நுட்பச் செயலாளருக்கு 46-ஆம் பிரிவின் கீழ் மனுப் போடுங்கள்.